பித்தவெடிப்பு விட்ட டயர்கள்: ஒரு ரப்பர் வரலாறு

தரங்கம்பாடியின் வரலாற்றில் 1845 முக்கியமான வருடம். 1620ல் டேனிஷ்காரர்கள் வந்து இறங்கி டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய இந்த ஊர், வங்காளத்தில் இருந்த செராம்பூருடன் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது அந்த வருடம்தான். அதே வருடம் டிசம்பரில் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற 23 வயது ஸ்காட்லாந்துக்காரர், காற்றடைத்த சக்கரம் ஒன்றுக்கு லண்டனில் காப்புரிமை வாங்கினார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1888ல் டன்லப் அதையே மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் உலகம் காற்றில் ஓட ஆரம்பித்தது.

இரண்டு சம்பவங்களுக்கும் அன்றைக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அறுபது வருடத்துக்குள் சம்பந்தம் வந்துவிட்டது. டயருக்கு ரப்பர் வேண்டும், ரப்பர் பால் எடுக்க ஆள் வேண்டும், அந்த ஆட்கள் காவிரி டெல்டாவிலிருந்துதான் பெருமளவில் போனார்கள்.

1876ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார். அங்கே கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. மோட்டார் கார் வந்ததும் மலாயாவில் காடுகள் அழிந்து ரப்பர் தோட்டங்கள் ஆயின. தரங்கம்பாடிக்குத் தெற்கே இருக்கும் நாகப்பட்டினம் துறைமுகத்தில் தஞ்சை, திருச்சி ஜில்லாக்காரர்கள் கங்காணிகளின் பின்னால் பினாங்குக்குக் கப்பல் ஏறினார்கள். பிற்காலத்தில் ‘ரஜூலா’ கப்பல் இந்த வழியில் ஓடியதை டெல்டாவின் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கூலிகளை அனுப்புவது 1938ல் தடை செய்யப்படும் வரை இது நடந்தது. அமெரிக்காவில் ஓடிய காரின் டயரில் ஒரு தஞ்சாவூர்க்காரர் விடியற்காலையில் சீவி எடுத்த பால் இருந்தது என்று சொன்னால் அது மிகை இல்லை.

அந்த ரப்பருக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

கொஞ்சம் பழைய காரின் டயரைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால், பாதத்துப் பித்தவெடிப்பு போல மெல்லிய கோடுகள் தெரியும். தரையில் படும் பட்டன் நன்றாகவே இருக்கும், பக்கச்சுவர் மட்டும் வெடித்திருக்கும். கடற்கரை ஊர்களில் இதற்கு உடனே ‘உப்புக் காத்து’ என்று சொல்லிவிடுவார்கள். தரங்கம்பாடியில் அப்படிச் சொல்ல நியாயம் உண்டு. அங்கே 1306ல் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலில் பெரும்பகுதியைக் கடலே தின்றுவிட்டது. ஆனால் உப்பு இரும்பை அரிக்கும், சுண்ணாம்புச் சுவரை உதிர்க்கும். ரப்பரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ரப்பரை வெடிக்க வைக்கும் முக்கியக் குற்றவாளி வேறு: ஓசோன்.

ஓசோன் என்றதும் வானத்து உயரத்தில் இருக்கும் படலம் நினைவுக்கு வரும். நாம் மூச்சு விடும் காற்றிலும் அது கொஞ்சம் இருக்கிறது, பத்துக் கோடியில் சில பங்கு அளவுக்கு. அதுவே போதும். ரப்பரின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அதில் வரிசையாக இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் கத்தரித்துவிடுகிறது. ஆனால் இழுத்துப் பிடிக்கப்பட்ட ரப்பரில்தான் இது வெடிப்பாக மாறும். தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் மேற்பரப்பு மங்குவதோடு சரி. டயரின் பக்கச்சுவரோ வண்டியின் எடையைத் தாங்கிப் பிதுங்கி எப்போதும் இழுபட்டே இருக்கிறது. காற்று குறைந்தால் இன்னும் அதிகமாக.

இதை மனிதர் புரிந்துகொண்ட கதை சுவாரஸ்யமானது. 1940களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண் எரிக்கும் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தது. அந்த ஊரில் ஓடும் வண்டிகளின் டயர் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடிக்கிறது என்பதும் தெரிய வந்தது. கால்டெக்கில் வேலை பார்த்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்கார வேதியியலாளர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்றார். காற்றில் ஓசோன் எவ்வளவு என்று அளக்க அவர் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டு! எத்தனை நிமிடத்தில் வெடிப்பு விழுகிறது என்பதே கணக்கு. கார்கள் விட்ட புகை கார்களின் டயரையே தின்றுகொண்டிருந்தது.

இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போர் முடிந்து கிடங்குகளில் நிறுத்தி வைத்த அமெரிக்க ராணுவ வண்டிகளின் டயர்கள் ஓடாமலே வெடித்தன. இதற்கு மருந்து தேடிய ஆராய்ச்சிகளின் பலனாகத்தான் ரப்பரோடு ஓசோன் தடுப்பு ரசாயனங்களைக் கலக்கும் வழக்கம் பரவியது. அவற்றில் பிரபலமானது 6பிபிடி. அதோடு ஒரு வகை மெழுகும் சேர்ப்பார்கள். இவை மெதுவாக மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஓசோனை எதிர்கொள்கின்றன. (இந்த 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உருவாகும் பொருள், மழைநீரில் கலந்து அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020ல் கண்டுபிடித்தார்கள். ஒன்றைக் காப்பாற்றப் போனால் இன்னொன்று சாகிறது. மாற்று தேடும் வேலை நடக்கிறது.)

ஓடும் டயர் வளைந்து நெளிந்து சூடாவதால் உள்ளே இருக்கும் மருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் அந்த வரத்து குறைந்துவிடும். ஆகவே தினமும் ஓடும் டாக்சியின் டயரில் பட்டன் முதலில் தேயும். ஷெட்டில் தூங்கும் காரின் டயரில் பக்கச்சுவர் முதலில் வெடிக்கும்.

டெல்டாவுக்கு இது மிகவும் பொருந்தும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926ல் வந்த ரயில் 1986ல் நின்று போனது. அதன்பின் போக்குவரத்து முழுக்க டயரை நம்பித்தான். தாத்தா மலாயாவுக்குப் போனது போல, பேரன் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறான். வீட்டு வாசலில் அவன் கார் பதினோரு மாதம் அரைக் காற்றோடு நிற்கிறது. மே மாத லீவில் வந்ததும் காற்றடித்து, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குக் கிளம்பிவிடுகிறான். சுமார் 280 கிலோமீட்டர், உச்சி வெயில், முழுப் பாரம். ‘அதிகம் ஓடாத வண்டி, டயர் புதுசு மாதிரி’ என்ற நம்பிக்கை வேறு. ஆபத்து அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

சரி, வெடிப்பு விட்ட டயரில் ஓட்டலாமா?

டயருக்குள் இருக்கும் காற்றைத் தாங்குவது ரப்பர் அல்ல, அதற்குள் புதைந்திருக்கும் நூல்தான். ரப்பர் அந்த நூலுக்குத் தோல். தோலில் மட்டும் மயிரிழைக் கோடுகள் இருந்தால் டயர் நாளைக்கே வெடித்துச் சிதறிவிடாது. காற்றைச் சரியாக வைத்து, வேகத்தைக் குறைத்து, அடிக்கடி பார்த்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டலாம். கோடுகள் ஆழமாகி நக நுனி இறங்கும் அளவு ஆகிவிட்டால் மாற்றுவதே சரி. நூல் தெரிந்தாலோ பக்கத்தில் புடைப்பு இருந்தாலோ அடுத்த ஊர் வரை என்றுகூட எண்ணக் கூடாது. வெடிப்பு வழியே ஈரம் இறங்கி நூலும் ரப்பரும் பிரிய ஆரம்பித்திருக்கும். உப்புக் காற்று நிஜமாகவே வேலையைக் காட்டுவதும் இங்கேதான், உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகளில். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் டயர் நொடிக்குச் சுமார் 12 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் ஒரு முறை மடங்கி நிமிர்கிறது. பக்கச்சுவருக்குப் பஞ்சர் ஒட்டுவதும் கிடையாது. பளபளப்புக்காக டீசலையோ மண்ணெண்ணெயையோ தடவினால் இருக்கிற மெழுகும் போய்விடும்.

வெடிப்பு தெரியாவிட்டாலும் வயதைப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. 2000க்கு முன்பு மூன்று இலக்கம்தான். அதே 2000ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அங்கே பிரச்சனை பட்டன் பகுதி பிரிந்து வந்தது, பக்கச்சுவர் வெடிப்பு அல்ல. ஆனால் டயரின் வயதைப் பற்றிய பேச்சு அதன்பின்தான் சூடு பிடித்தது. 2013ல் நடிகர் பால் வாக்கர் இறந்த கார் விபத்தில் போலீசார் முக்கியமாகக் குற்றம் சொன்னது வேகத்தை. ஆனால் அந்த போர்ஷே காரின் டயர்கள் ஒன்பது வருடம் பழையவை என்பதையும் குறித்து வைத்தார்கள். ஆறு வருடத்தில் மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகள் உண்டு. பத்து வருடத்துக்கு மேல் எப்படி இருந்தாலும் வேண்டாம் என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது.

ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1900களின் தொடக்கத்தில் உபரிச் சக்கரம் செய்த கம்பெனியின் பெயர் இது. நம் ஊரில் இன்னும் அந்தப் பெயரே. டிக்கியில் ஓடாமல் கிடக்கும் ஸ்டெப்னி பார்வைக்கு எப்போதும் புதுசு. வயது மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

ரீட்ரெடிங்கும் யோசிக்க வேண்டியதே. 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1961ல் டயர் உற்பத்திக்கு வருவதற்கு முன், 1952ல் கையில் எடுத்தது ரீட்ரெடிங் ரப்பரைத்தான். சிக்கனத்துக்கு நல்ல வழி அது. ஆனால் புதுப் பட்டனைச் சுமப்பது பழைய பக்கச்சுவர் என்பதை வாங்குகிறவர் மறந்துவிடக் கூடாது.

காரிலிருந்தும் லாரியிலிருந்தும் கழற்றிய டயர்களுக்கு டெல்டாவில் வேறு வாழ்க்கை உண்டு. பழைய லாரி டயர் மாட்டிய வண்டிகள் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும். பக்கச்சுவர் வரப்பு போல வெடித்திருந்தாலும் மாட்டின் நடைவேகத்தில் டயர் சூடாவதே இல்லை, ஆகவே வருடக்கணக்கில் உழைக்கும். அதுவும் முடிந்தால் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் இடித்துக்கொள்ளாமல் இருக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.