உயிருக்கு ஈடாக ஒரு விளக்கு: சோழர் காலத்தில் கைப்பிழைக் கொலையும் பழி தீர்த்தலும்

தமிழரின் நீதியுணர்வுக்கு அடையாளமாக எப்போதும் முன்வைக்கப்படுவது, ஒரு கன்றின் உயிருக்கு ஈடாகத் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையாகும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன் தன் ஊரின் பெருமையைச் சொல்லும்போது அக்கதையைச் சுட்டுகிறாள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கப் பகுதியிலேயே அதை விரிவாகப் பாடினார். அதே நூற்றாண்டில் விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டு ஒன்று அதை நடந்த வரலாறாகவே எடுத்துரைக்கிறது. இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவ்வரசனுக்குச் சிலை நிற்கிறது. மக்கள் தம் குறைகளை ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கும் நாளும் அவன் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆனால் காப்பியத்தையும் புராணத்தையும் விட்டு, சோழர் காலத்தில் உண்மையாகவே விசாரிக்கப்பட்ட வழக்குகளைக் கூறும் கோயிற் சுவர்களை நோக்கினால், அங்கே காணப்படும் நீதி வேறு வகையானது. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவனின் உயிரை ஊரார் கேட்கவில்லை. கோயிலில் ஒரு விளக்கை அணையாமல் எரிக்கும் பொறுப்பையே அவன்மேல் வைத்தார்கள்.

வந்தவாசியை அடுத்த சீயமங்கலம், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயிலால் அறியப்பட்ட ஊர். அவ்வூரின் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இத்தகைய வழக்கைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒருவன் எய்த அம்பு தவறி அவனுடைய ஊர்க்காரன் ஒருவன்மேல் பட்டு, அவன் இறந்துபோனான். அப்பகுதியை ஆண்ட தலைவனும் நாட்டாரும், அதாவது பல ஊர்கள் சேர்ந்த ‘நாடு’ என்னும் பிரிவின் வேளாண் தலைவர்களும் கூடி, கவனக் குறைவால் நேர்ந்த இக்குற்றத்துக்காக அவன் சாக வேண்டியதில்லை என்றும், அவ்வூர்க் கோயிலில் அவன் விளக்கெரிக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். அவன் 16 பசுக்களைக் கொடுத்தான். அவற்றின் பாலிலிருந்து எடுக்கும் நெய்யே விளக்குக்கு எரிபொருள்.

மற்றொரு கல்வெட்டின்படி, வேட்டைக்குப் போன சூத்திரன் ஒருவனின் குறி தவறி வேளாளன் ஒருவன் மடிந்தபோது, எழுபத்தொன்பது நாட்டு உழவர்கள் கூடி எய்தவனைக் குற்றவாளி எனத் தீர்த்து, 64 பசுக்களைக் கோயிலுக்குக் கொடுக்கும்படி விதித்தார்கள். எழுபத்தொன்பது நாடு என்பது சித்திரமேழிப் பெரியநாட்டார் என்ற பேரமைப்பைக் குறிப்பது. ஏரையே தம் சின்னமாகக் கொண்ட நிலவுடைமை வேளாளர்களின் கூட்டமைப்பு அது. இறந்தவன் அவர்களுடைய இனத்தான், கொன்றவன் அவர்களுக்குக் கீழ்ப்பட்டவனாகக் கருதப்பட்டவன் என்பதையும், தீர்ப்புக் கூறும் அதிகாரம் முழுவதும் அவர்கள் கையிலேயே இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால்தான், அவர்கள் கொலைத் தண்டனை விதிக்காமல் விட்டதன் முக்கியத்துவம் விளங்கும். ஒரு வழக்கில் 16 பசு, இன்னொன்றில் 64 பசு என்ற இடைவெளியைப் பார்க்கையில், உயிருக்கு இன்ன விலை என்று எழுதி வைத்த பட்டியல் எதுவும் இந்த அவைகளிடம் இருந்திருக்க முடியாது. கொன்றவனின் வசதியும் இறந்தவனின் தகுதியும் அங்கேயே எடைபோடப்பட்டிருக்க வேண்டும். இச்சமரசம் எல்லோருக்கும் சமமானதாக இருந்தது என்று கருத இடமில்லை.

அம்பு தவறிய வழக்குகளோடு இம்முறை நின்றுவிடவில்லை. கணவன் தள்ளிவிட்டதில் மனைவி விழுந்து இறந்த வழக்கிலும் விளக்கே விதிக்கப்பட்டது. இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது வரி கேட்ட அதிகாரி ஒருவனின் வழக்கு. தான் வரி கட்டக் கடமைப்பட்டவள் அல்லள் என்று சொன்ன ஒரு பெண்ணை அவன் சத்தியச் சோதனைக்கு உள்ளாக்கியதாகத் தெரிகிறது. அவள் நஞ்சுண்டு இறந்தாள். நான்கு திசைகளிலிருந்தும் பதினெண் நாடுகளிலிருந்தும் மக்கள் கூடி, அவள் சாவுக்கு அவனே பொறுப்பு என்று தீர்த்தார்கள். அவன் 32 காசு கொடுத்துப் பழியைத் தீர்த்துக்கொண்டான். தன் கையாலேயே நஞ்சைக் குடித்த ஒருத்தியின் சாவுக்கு, அதைத் தூண்டிய அதிகாரத்தைப் பொறுப்பாக்கிய துணிவு இத்தீர்ப்பில் இருக்கிறது. அந்தப் பொறுப்பு 32 காசோடு முடிந்துபோனது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது.

விளக்கெரிப்பது எளிய தண்டனை என்று இன்றைய வாசகர் கருதக்கூடும். நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய்யைக் குடித்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் தேவைப்பட்டன. 90 ஆடுகளையோ 32 பசுக்களையோ ஓர் அலகாகக் கொண்ட ஊர்களும் உண்டு. இக்கால்நடைகள் மன்றாடிகள் எனப்பட்ட இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. கிழடும் இறப்பும் கழிந்து குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாதிருக்க வேண்டும் என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’ என்று அழைக்கப்பட்டன. நெய் அளக்கும் கடமை இடையனின் வழிவழியினருக்கும், தஞ்சையில் அவனுடைய உறவினருக்கும் உறவினரின் உறவினருக்கும்கூட, சந்திர சூரியர் உள்ளவரை தொடர்வதாக எழுதப்பட்டது. ஆகவே, ஓர் உழவனோ வேட்டைக்காரனோ 64 பசுக்களைக் கொடுப்பதென்பது அவன் குடும்பத்தின் செல்வத்தில் பெரும்பகுதியைப் பிரித்துக் கொடுப்பதாகும். அதோடு, அவன் செய்ததும் அதற்கு அவன் தந்ததும் ஊரே வந்து செல்லும் இடத்தில் கல்லில் நின்றன. இனி இவ்வழக்கு முடிந்தது, இதைச் சொல்லி யாரும் பழிவாங்கக் கிளம்பக் கூடாது என்பதற்கான பொதுச் சான்றும் அந்தக் கல்லே.

இவ்வழக்கத்தின் வேர் பழமையானது. கொல்லப்பட்டவன் சத்திரியன் ஆனால் ஆயிரம், வைசியன் ஆனால் நூறு, சூத்திரன் ஆனால் பத்து என்று பசுக்களையும், கூடவே ஒரு காளையையும் கொடுக்க வேண்டும் என ஆபஸ்தம்ப தர்மசூத்திரம் விதிக்கிறது. அதன் நோக்கம் பகை நீக்குதல் என்றும் அதுவே கூறுகிறது. அது முதலில் இறந்தவனின் சுற்றத்தாருக்கும் கொன்றவனுக்கும் இடையிலான பகையையே கருதியிருக்க வேண்டும். ஆனால் மற்றொரு தர்மசூத்திர ஆசிரியரான போதாயனர் அப்பசுக்களை அரசனுக்கு உரியனவாக்கினார். சோழ நாட்டிலோ அவை இறைவனைச் சேர்ந்தன. பகை கொண்டவர்களின் தொழுவத்துக்குப் போயிருக்க வேண்டிய பசு, படிப்படியாக மூன்றாம் தரப்பின் தொழுவத்துக்கு மாறியதே இந்நீண்ட வரலாற்றின் போக்கு.

வேண்டுமென்றே செய்த கொலைக்கும் அரச துரோகத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளைப் பற்றி, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. குற்றவாளிகளின் சொத்து மட்டுமன்றி அவர்களுடைய உடன்பிறந்தார், மக்கள், பெண்கொடுத்தோர் ஆகியோரின் சொத்தும் கைப்பற்றப்பட்டு, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையின் வழியாக விற்கப்பட்டது. குற்றத்தின் சுமை உறவினர்மேல் ஏறுவதற்கு அங்கே எந்தத் தடையும் இருக்கவில்லை. விளக்குக் கல்வெட்டுகளிலோ இறந்தவனின் உறவினர் கண்ணிலேயே படுவதில்லை. ஊருக்காகப் போரில் மடிந்தவனின் சுற்றத்தாருக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் கொடுக்கும் வழக்கம் அதே நாட்டில் இருந்தது. கைப்பிழையால் மடிந்தவனின் மனைவிக்கும் மக்களுக்கும் அப்படி ஒன்றும் குறிக்கப்படவில்லை.

இந்தக் குறையைச் சேக்கிழார் உணர்ந்திருந்தார் என்று கொள்ள இடமுண்டு. பெரியபுராணத்தில் அமைச்சர்கள் அரசனிடம் பரிந்துரைப்பது, பசுவதை செய்தவர்க்கு அந்தணர் விதித்த கழுவாயை இளவரசனும் செய்துவிடட்டும் என்பதே. அதுவே நடைமுறை, அதுவே அறம் என்பது அவர்கள் வாதம். அரசன் அதை மறுக்கும்போது கேட்பது உயிருக்கு உயிர் என்ற கணக்கை அன்று. கன்றை இழந்து கதறும் தாயின் துயரத்துக்கு அக்கழுவாய் மருந்தாகுமா என்பதையே. அவன் கண்ட தீர்வு கொடியது. ஆனால் அந்தக் கேள்வி, சோழ நாட்டின் விளக்குத் தீர்ப்புகள் எதிலும் எழுப்பப்படாத கேள்வி.

குற்றத்தால் நேர்ந்த இழப்பைக் குற்றவாளியே பாதிக்கப்பட்டவரிடம் நேரில் நின்று ஈடுசெய்ய வேண்டும் என்னும் இக்கால மறுசீரமைப்பு நீதி, 1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் உருப்பெற்றதாகச் சொல்வது வழக்கம். ஊரில் பல உடைமைகளைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களை, அவற்றின் உரிமையாளர்கள் வீட்டுக்கே சென்று சந்தித்து இழப்பீட்டைப் பேசி முடிக்கும்படி நீதிபதி அனுப்பினார். தமிழ்நாட்டின் பழைய அவைகள் இதற்கு முன்னோடி என்று பெருமை பேசுவது எளிது. ஆனால் அந்த அவைகள் சந்திக்க வைத்தது குற்றவாளியையும் கோயிலையும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், 1870இல் சேர்க்கப்பட்ட 304அ பிரிவு, கவனக் குறைவால் மரணம் விளைவித்தலுக்கு இரண்டாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வகுத்தது. வழக்கு அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலானதாயிற்று. அபராதம் கருவூலத்துக்குப் போயிற்று. அபராதத்திலிருந்து ஒரு பங்கை இறந்தவரின் குடும்பத்துக்கு அளிக்க நீதிமன்றத்துக்கு வழி இருந்தும், பாதிக்கப்பட்டோருக்கென்று தனி இழப்பீட்டுத் திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் வகுக்க வேண்டும் என்ற கட்டாயம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357அ பிரிவின் மூலம் 2009ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.