டைல் இருக்கு, செய்யத் தெரிஞ்ச கை எங்கே?

தஞ்சாவூர்ப் பக்கம் கோபுரத்தைச் சுத்திச் சாரம் கட்டினா, குடமுழுக்கு வருதுன்னு அர்த்தம். கை உடைஞ்ச சுதைச் சிற்பத்துக்குப் புதுக் கை வைப்பாங்க, வர்ணம் பூசுவாங்க. ரிப்பேர் நமக்குப் பழகின விஷயம். ஆனா ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்களே இல்லாம போனா? அந்தக் கதை டெல்லியில நடந்தது.

ஹுமாயூன் கல்லறை வளாகத்துல ஈசா கானோட கல்லறையும், பக்கத்துலயே அவர் பேர்ல ஒரு மசூதியும் இருக்கு. கல்லறை 1547-48ல கட்டினது. வெளிச்சுவர்ல நீலமும் பச்சையுமா டைல் பதிச்சிருந்தாங்க. நம்ம வீட்டு பாத்ரூம் டைல் மாதிரி இல்லை இது. உள்ளே இருக்கறது குவார்ட்ஸ் கல்லைப் பொடிச்சுச் செஞ்ச பலகை. மேல சூளையில உருகின கண்ணாடிப் பூச்சு. கோபால்ட் கலந்தா அடர்நீலம், செம்பு கலந்தா மயில்நீலம். பின்னால மழைத்தண்ணி இறங்கினா முதல்ல பூச்சு தெறிக்கும், அப்புறம் டைலே விழும். பல நூற்றாண்டா அதுதான் நடந்தது.

ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை இந்தியத் தொல்லியல் துறையோட சேர்ந்து இந்த வளாகத்தைச் சீரமைக்க வந்தப்ப, டெல்லியில இந்த டைல் வேலையே அழிஞ்சுபோயிருந்தது. நம்ம பாஷையில சொன்னா, ஆப் கையில இருக்கு, சோர்ஸ் கோட் தொலைஞ்சு போச்சு. அதனால பழைய டைலை ஆய்வகத்துல சோதிச்சாங்க. உஸ்பெகிஸ்தான்ல இருந்து கைவினைஞர்களை வரவழைச்சு, பக்கத்து நிஜாமுதீன் பஸ்தி இளைஞர்களுக்குக் கத்துக்கொடுத்தாங்க.

புதுசு வச்சா பழமை போயிடாதான்னு நீங்க கேட்கலாம். அதுக்கு ஒரு விதி வச்சிருந்தாங்க: பூச்சு போயிருந்தாலும் பழைய டைலைப் பெயர்க்கக் கூடாது, காலியா இருக்கற இடத்துக்கு மட்டும்தான் புதுசு. 2013ல ஹுமாயூன் கல்லறைப் பணி முடிஞ்சப்ப, அதோட மொட்டைமாடி மண்டபங்களும் இதே முறையில நிறம் திரும்பியிருந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லத் தண்ணி சேர்த்துச் சுதை செய்யத் தெரிஞ்சவங்க நம்மகிட்ட இன்னும் இருக்காங்க. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைச்சுவைக்கும், பழைய செங்கல் உதிரும். ஆனாலும் சீக்கிரம் முடியணும்னு சிமெண்ட்டை எடுக்கறோம். சிற்பம் கெட்டா திரும்பச் செய்யலாம். செய்யற கை போயிட்டா, டெல்லி மாதிரி வெளிநாட்டுல போய்த் தேடணும்.

அடுத்த தடவை உங்க ஊர்க் கோபுரத்துல சாரம் கட்டினா, வேலை செய்யறவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "அண்ணே, சுண்ணாம்பா, சிமெண்டா?"