சீதபேதியும் சீமை மருந்துப் புத்தகமும்

வில்வம் என்றதும் சிவன்கோயில் மட்டுமே ஞாபகத்துக்கு வருகிறது என்றால் அதுவே ஒரு வரலாற்று விளைவுதான். இலை சாமிக்குப் போனது. காய் வயித்துக்கடுப்புக்காரனுக்குப் போனது. இலைக்குப் புராணம் கிடைத்தது. காய்க்குக் கிடைத்தது வெள்ளைக்காரன் புத்தகம்.

1563-இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலில் சீதபேதிக்கான சரக்காக வில்வக்காய் வருகிறது. போர்த்துகீசியர் தங்களூர் சீமைமாதுளையின் பெயரையே இதற்கும் சூட்டினார்கள்: மார்மெலோ. இன்றைய தாவரவியல் பெயரிலும் அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குறிஞ்சிப்பாட்டிலும் யாப்பு வாய்பாட்டிலும் உள்ள 'கூவிளம்' அங்கே செல்லாக்காசு. ஓர்த்தாவின் உரையாடல்களில் அன்தோனியா என்கிற வேலைக்காரப் பெண் செடிகொடிகளோடு வந்து போகிறாள், அவ்வளவுதான். ஓர்த்தாவை மட்டும் விட்டார்களா? யூத வம்சத்தவர் என்பதால் 1580-இல் மதவிசாரணை மன்றம் அவர் எலும்பைத் தோண்டி எரித்தது.

1867-இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலும், அடுத்த ஆண்டு வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலிலும் வில்வம் ஏறியது. சிக்கல் அங்கேதான். பழுத்த பழம் மலத்தை இளக்கும், பாதி பழுத்த காய் கட்டும். இது வீட்டுப் பெண்களுக்குத் தெரிஞ்ச சங்கதி. துண்டுபோட்டு, காயவைத்து, கப்பலேறி லண்டன் போன சரக்கில் இந்த நுணுக்கம் எங்கே மிஞ்சும்? வில்வம் என்ற பேரில் மங்குஸ்தான் தோலைக்கூட விற்றிருக்கிறார்கள். வேடிக்கை, மலேயாப் பக்கம் அந்தத் தோலும் கடுப்புக்கு மருந்துதான்! இதற்கிடையில் 1882-இன் சென்னை வனச்சட்டம், காட்டில் காய் பொறுக்கியவனைக் குற்றவாளியாக்க வழிசெய்திருந்தது.

1912-இல் கல்கத்தாவில் ராஜர்ஸ் எமட்டின் ஊசியைக் கொண்டுவந்ததும் வில்வம் பின்னுக்குப் போனது. இதை மேற்கு கிழக்கை வென்ற கதையாகச் சொல்ல முடியாது. எமட்டின் வந்த வேர் பிரேசில் பழங்குடிகளின் மருந்து.

இதற்காக நம் சித்தமருத்துவப் பெருமிதக்காரர்களோடு சேர்ந்து கும்மியடிக்கவும் எனக்கு இஷ்டமில்லை. காலராவில் நீர்வற்றிக் கிடப்பவனுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்காமல் வில்வக்காயை மட்டும் அரைத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவான். 2009-இல் வெளியான மும்பை ஆய்வு ஒன்று சுவாரசியமானது. பச்சை வில்வக்காய்க் கஷாயம் கிருமியைக் கொல்வதில் பெரிய சூரன் இல்லையாம். கிருமி செல்லில் ஒட்டாமலும், காலரா நஞ்சு பற்றிக்கொள்ளாமலும் தடுக்கிறதாம். கிருமி செத்ததா என்று மட்டும் பார்க்கிற சோதனையில் இந்தக் காய் தோற்றுத்தான் போகும்.