வேலிக் கணக்கும் இருபடிச் சமன்பாடும்



"டீச்சர், இருபடிச் சமன்பாட்டப் படிச்சி நாளைக்கு என்ன பண்ணப் போறோம்?" ஜொகூரில் என் நான்காம் படிவ மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. நான் தமிழாசிரியர்தான். ஆனாலும் இதற்கு வரலாற்றில் விடை உண்டு.

பள்ளித் தோட்டத்தில் செவ்வகப் பாத்தி போட 60 அடி வேலி இருக்கிறது. பரப்பு 200 சதுர அடி வேண்டும். அப்படியென்றால் நீளமும் அகலமும் கூட்டினால் 30, பெருக்கினால் 200. அகலத்தை 'அ' என்று வைத்தால், அ² − 30அ + 200 = 0. இது இருபடிச் சமன்பாடு.

ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர் களிமண் பலகைகளில் இந்த வகைக் கணக்கைப் போட்டார்கள். அவர்கள் வழியைப் பாருங்கள். 30இல் பாதி 15. அதன் வர்க்கம் 225. அதில் 200ஐக் கழித்தால் 25. அதன் வர்க்கமூலம் 5. பதினைந்தோடு 5ஐக் கூட்டினால் நீளம் 20 அடி, கழித்தால் அகலம் 10 அடி. அவ்வளவுதான்!

இதே 60 அடி வேலியை 25க்கு 5 அடியாகப் போட்டால் 125 சதுர அடிதான் கிடைக்கும். வேலியை மட்டும் அளந்து நிலம் வாங்கினால் ஏமாந்துதான் போவோம்.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இதற்கான விதியைச் செய்யுளில் சொன்னார். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்குவாரிஸ்மி, சொத்துப் பங்கீடு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்கு உதவும் என்றே தம் நூலை எழுதினார். அந்நூலின் பெயரிலிருந்துதான் 'அல்ஜீப்ரா' என்ற சொல் வந்தது. அதே நூற்றாண்டில் மகாவீரர் எழுதிய 'கணித சார சங்கிரகம்' எம். ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னையில் வெளியானது. அதில் உள்ள ஒரு கணக்கு இது: ஒட்டகக் கூட்டத்தில் கால் பங்கு காட்டில். மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல் இரு மடங்கு மலைச்சரிவில். மீதி 15 ஆற்றங்கரையில். மொத்தம் எத்தனை? போட்டுப் பாருங்கள். 36 வரும் (9 + 12 + 15).

இவர்கள் யாரும் இன்றுள்ள குறியீடுகளில் எழுதவில்லை. எல்லாம் சொற்களிலேயே இருந்தன. நம் மாணவர்கள் பலர் தடுமாறுவதும் சூத்திரத்தில் இல்லை, வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவதில்தான். ஆகவே ஆசிரியர்களே, பாடம் மலாயில் நடந்தாலும், கணக்கை முதலில் சொந்தத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மாணவர்களே, "எது தெரியும், எதைத் தேடுறோம்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.