531 என்ற எண்: 2005 புகைமூட்டமும் கோல சிலாங்கூர் மக்களும்

வரலாறு என்றதும் பரமேஸ்வரா, மலாக்கா, மெர்டேக்கா என்று நாம் தொடங்கிவிடுகிறோம். நம் மாணவர்களின் பெற்றோர் மூச்சுக்குத் தவித்த மூன்று நாள் வரலாறும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை வகுப்பில் யாரும் தொடுவதில்லை.

2005 ஆகஸ்ட் 11, வியாழக்கிழமை. கோல சிலாங்கூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு (ஐபியு) 531. போர்ட் கிள்ளானில் 529. 300-ஐத் தாண்டினாலே 'அபாயகரமானது' என்று பெயர். 500-ஐத் தாண்டினால் அவசரகாலம்தான். அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவியின் அரசாங்கம் இந்த இரண்டு இடங்களிலும் அவசரகாலத்தை அறிவித்தது. பள்ளிகளை மூடினார்கள். அத்தியாவசியமில்லாத அரசு அலுவலகங்களும் மூடப்பட்டன. கட்டுமான வேலைகள் நின்றன. காற்று திசை மாறியதும் 13ஆம் தேதி அறிவிப்பை மீட்டுக்கொண்டார்கள்.

ஏன் கோல சிலாங்கூர்? வரைபடத்தைப் பாருங்கள். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் ரியாவ் மாநிலம். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று. அங்கே காடும் கரிமண் நிலமும் எரிந்தால் புகை நேரே நம் கடற்கரைக்குத்தான் வரும். தஞ்சோங் காராங், ஜெராம், புக்கிட் ரோத்தான் எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன.

இதுவரை சொன்னது பழைய செய்தித்தாளைப் புரட்டினாலே கிடைத்துவிடும். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய நாளைப் பற்றி.

ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் ஐபியு எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிடலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அதுவரைக்கும்? வெளியிடவில்லை! 1997-இல் பெரிய புகைமூட்டம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சரவாக்கில் அவசரகாலம் அறிவித்தார்கள். கூச்சிங்கில் குறியீடு 800-ஐத் தாண்டியது. அதன் பிறகு எண்கள் மூடிவைக்கப்பட்டன. சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். புகைமூட்டத்தைப் பற்றிப் பொதுவில் பேச வேண்டாம் என்று பல்கலைக்கழகக் கல்வியாளர்களுக்கும் 1997-இல் கட்டளை போனது.

இப்போது யோசிச்சுப் பாருங்க. பல வருஷம் எண்ணே தெரியாது. ஒரு நாள் எண் வெளியே வருகிறது. மறுநாள் 'அவசரகாலம்' என்கிறார்கள். 80 என்றால் எப்படி இருக்கும், 150 என்றால் எப்படி இருக்கும் என்று பழகாத மக்களுக்கு 531 என்ன சொல்லும்? காய்ச்சல் மானியையே பார்த்திராதவரிடம் "உங்களுக்கு 104" என்று சொன்ன கதைதான். பயத்தைத் தடுக்க எண்ணை மறைத்தார்கள். கடைசியில் பயமும் எண்ணும் ஒரே நாளில் வாசலில் வந்து நின்றன. என் கணிப்பில் 2005-இன் பெரிய தவறு புகையைவிட இதுதான்.

இன்னொன்று அந்தச் சொல். மலாயில் 'டாருராட்'. வட சிலாங்கூரில் அது சாதாரணச் சொல் இல்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் முள்வேலி, அடையாள அட்டைச் சோதனை, ஊரடங்கு எல்லாம் தோட்டத்துப் பெரியவர்கள் கண்டவை. 1948 டிசம்பரில் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பத்தாங் காலி இங்கிருந்து தூரமில்லை. 1969 மே 13-க்குப் பிறகும் இதே சொல்தான். அப்படிப்பட்ட ஒரு பாட்டி வானொலியில் 'அவசரகாலம்' என்று கேட்டால் முதலில் மூக்கை மூடுவாரா, அரிசி டின்னைத் திறந்து பார்ப்பாரா? இது ஊரடங்கு இல்லை, கடைகள் திறந்திருக்கும் என்று தனியே விளக்க வேண்டியிருந்தது. ஒரு சொல் எச்சரிக்கையாகவும் இருக்கும், பழைய காயமாகவும் இருக்கும். அறிவிப்பு எழுதும் அதிகாரிகளுக்கு இது எப்போதும் உறைப்பதில்லை.

சரி, செய்தி யார் வழியாகப் போனது? பழைய தோட்டத்தில் ஒரு வழி இருந்தது. விடியுமுன் பெரட்டு. கிராணி சொல்வார், மண்டோர் சொல்வார், லயத்துக்கு லயம் பரவிவிடும். அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. மேலிருந்து கீழே மட்டும் பேசிய வாய் அது. ஆனால் 2005-க்குள் தோட்டங்கள் பல துண்டாகிவிட்டன. பால்மரம் போய் செம்பனை வந்தது. நம் மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் பிரிந்து போனார்கள். எஞ்சிய தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். மின்னல் எஃப்எம்மும் தமிழ்ப் பத்திரிகைகளும் இருந்தன. ஆனால் பெரட்டு நேரத்துக்குப் போய் இருட்டியதும் வருகிறவருக்கு வானொலி எட்டும் என்ற உறுதி இல்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவரின் வருமானம் எடையைப் பார்த்துத்தான். "வெளியே வேலை செய்யாதீர்கள்" என்ற வரி அவருக்கு அறிவுரை மட்டுமில்லை, அன்றைய சம்பளக் கணக்கும்கூட. அறிவிப்பில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி மறப்பது. புகை என்றால் எல்லாம் இந்தோனேசியா என்று கை காட்டிவிடுகிறோம். பெஸ்தாரி ஜெயா பக்கம் (அப்போது பத்தாங் பெர்ஜுந்தை) ராஜா மூசா வனக்காப்பகம் கரிமண் சதுப்புக் காடு. பாரிட் வெட்டித் தண்ணீரை வடித்த இடங்களில் மண்ணே விறகாகிவிடும். மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும். அங்கேயும் பல முறை தீப்பிடித்திருக்கிறது. 2008 முதல் வனத்துறையும் தன்னார்வலர்களும் கால்வாய்களை அடைத்து, மரம் நட்டு, அந்தக் காட்டை மீட்டுவருகிறார்கள். மாணவர்களை அழைத்துப் போக முடிந்தால் நல்லது.

வகுப்பில் விளக்க ஒரு நுணுக்கம். 2005-இல் ஐபியு பெரும்பாலும் பிஎம் 10 எனும் துகள்களின் 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்பட்டது. காலையில் புகை திடீரென்று அடர்ந்தால் எண் அதை மெதுவாகத்தான் எட்டிப் பிடிக்கும். "கண்ணு எரியுது சார், ஆனா நம்பர் கம்மியா இருக்கே" என்று ஒரு பையன் கேட்டால் அவன் கேள்வி சரிதான். 2018-இல் இன்னும் நுண்ணிய பிஎம் 2.5 துகள்களும் கணக்கில் சேர்ந்தன. இப்போது எண் மணிக்கு மணி இணையத்தில் வருகிறது. 2019 செப்டம்பர் புகைமூட்டத்தின்போது 200-ஐத் தாண்டிய இடங்களில் பள்ளிகளை மூடச் சொன்னார்கள். எண்ணுக்கும் செயலுக்கும் அப்போது ஒரு முடிச்சு விழுந்தது. 2005-இல் இல்லாமல் போனது அந்த முடிச்சுதான். கைத்துணியும் சாதாரண முகக்கவசமும் இந்த நுண்துகளைச் சரியாகத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று. 'மிகவும் ஆரோக்கியமற்றது' என்று அறிவிப்பில் வரும் வரியைப் படிநிலை இரண்டு மாணவர்களிடம் கொடுத்து, வீட்டுப் பாட்டிக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். வெளியே போகலாமா, சன்னலைத் திறக்கலாமா, ஆஸ்துமா உள்ள தம்பி என்ன செய்யணும், எப்போது கிளினிக் போகணும் என்ற நான்குக்கும் பதில் அதில் இருக்க வேண்டும். "பாட்டி, இன்னிக்கு நம்பர் 210. கதவ சாத்திடுங்க, தம்பிய வெளிய விளையாட விடாதீங்க, அவனோட பம்ப் பக்கத்திலேயே இருக்கட்டும், மூச்சு வாங்குனா உடனே கிளினிக்குக்குப் போயிடுவோம்" என்று ஒரு பிள்ளை எழுதினால் முழு மதிப்பெண் போடுங்கள். பேச்சு வழக்கு என்று சிவப்பு மையில் சுழிக்க வேண்டாம்.