கட்டாயப் புறநோயாளி மனநல சிகிச்சை

கடுமையான மனநோய் உள்ளவர் மருத்துவமனையில் தங்காமல், வீட்டிலிருந்தபடியே மருந்தையும் கண்காணிப்பையும் ஏற்க வேண்டும் என நீதிமன்றம் ஆணையிடும் முறை இது. நியூயார்க் மாநிலம் 1999இல் இயற்றிய கெண்ட்ரா சட்டம் இதற்குப் பரவலாக அறியப்பட்ட சான்றாகும்.

இந்தியச் சட்டம் இம்முறையை ஏற்படுத்தவில்லை; அதன் கவனம் நோயாளியின் உரிமைகளைக் காப்பதில் சென்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்ட கொடுமை நாட்டையே உலுக்கியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சங்கிலியிடுவதைத் தடைசெய்து, நோயாளி தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கும் ‘முன்கூட்டிய அறிவுறுத்தல்’ என்னும் உரிமையையும் வழங்கியது. அதன் 102ஆம் பிரிவின்படி நடுவர், மனநோய் உள்ள ஒருவரை மதிப்பீட்டுக்காக, அதிகபட்சம் பத்து நாட்களுக்கு, மனநல நிலையத்தில் சேர்க்க ஆணையிடலாம். வீட்டில் மருந்துண்ணுமாறு கட்டாயப்படுத்த அப்பிரிவில் இடமில்லை.

ஆகவே, கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் போன்ற ஊர்களில் சிகிச்சை தொடர்வது ஆணையால் அன்று; ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தேறி, மாத்திரை வாங்கிவரும் குடும்பத்தாராலும், சிகிச்சையை ஊருக்கு அருகில் கொண்டுவர முயலும் மாவட்ட மனநலத் திட்டத்தாலுமே ஆகும்.