இறுகிய மரையின் சரித்திரம்

தட்டான் கையால் மரை வெட்டிய பழைய தோடுகளைப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு செய்தி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வலக்காதுத் தோட்டின் திருகாணியை இடக்காதுத் தோட்டின் தண்டிலே ஏற்ற முயன்றால், அது ஒரு சுற்றோ அரைச் சுற்றோ சென்று நின்றுவிடும். மேலும் அழுத்தித் திருகினால் தண்டின் மரையே தேய்ந்து போகும். தோடுகள் ஜோடியாயினும் திருகாணிகள் ஜோடியல்ல. ஒவ்வொன்றும் தன் தண்டு ஒன்றுக்கே உரியது. இச்சிறு பொன்னணியிலே நாம் காணும் இந்நிலைதான் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை மேனாட்டு இரும்புப் பட்டறைகளின் நிலையாகவும் இருந்தது என்பதை அறியும்போது, இன்று ஒரு டார்ச் விளக்கின் மூடியை நினைத்த மாத்திரத்தில் திருகிக் கழற்றுகின்ற எளிய காரியத்துக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட சரித்திரம் நிற்கிறது என்பது விளங்கும்.

லண்டனில் ஜோசப் பிரமாவின் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்துப் பின்னர் 1797-ல் தனிப்பட்டறை தொடங்கிய ஹென்றி மாட்ஸ்லே என்பவரிடம் உதவியாளராயிருந்த ஜேம்ஸ் நாஸ்மித், தம் சுயசரிதையில் அக்காலத்துச் சிரமத்தை விவரித்திருக்கிறார். ஒவ்வொரு போல்ட்டும் தன் நட்டோடு மட்டுமே பொருந்தியமையால், யந்திரத்தைப் பிரிக்கும்போது இரண்டிலும் அடையாளக் குறி இடவேண்டியிருந்தது. குறி மாறினால் நேரமும் பொருளும் வீணாயின. 1800-ஐ ஒட்டி மாட்ஸ்லே அமைத்த மரை வெட்டும் லேத், ஒரே அளவான மரையை எத்தனை முறை வேண்டினும் பிசகாமல் வெட்டித் தந்தது. ஆயினும் ஒரு பட்டறையின் மரை மற்றொரு பட்டறையின் மரையோடு சேரவில்லை. அக்குறையையும் நீக்க எண்ணிய ஜோசப் விட்வொர்த், மாட்ஸ்லேயிடம் முன்னர்ப் பணிபுரிந்தவர், இங்கிலாந்தின் பற்பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டி அளந்து, அவற்றின் சராசரியைக் கண்டு, 55 பாகைக் கோணமுடைய பொதுமரை ஒன்றை 1841-ல் பொறியாளர் சபையின்முன் வைத்தார். 1864-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வில்லியம் செல்லர்ஸ், வெட்டுவதற்கும் சரிபார்ப்பதற்கும் எளிதென்று 60 பாகைக் கோணத்தைப் பிரேரேபித்தார். இவ்விரு தேசத்து மரைகளும் ஒன்றோடொன்று சேராததன் விலையை இரண்டாம் உலக யுத்தத்தில் உணர்ந்த பிறகே, 1948 நவம்பரில், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு உடன்பட்டன.

இதற்கிடையில், 1899 ஜனவரியில், நியூயார்க்கில் வசித்த டேவிட் மிசெல் என்னும் ஆங்கிலேயர் குழாய் வடிவமான கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். ருஷ்ய சாம்ராஜ்யத்தின் மின்ஸ்க் பிரதேசத்திலிருந்து குடியேறிய கான்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனம் அதைத் தயாரித்து, நியூயார்க் போலீஸாருக்கும் சில விளக்குகளைக் கொடுத்தது. காகிதத்தாலும் நார்ப்பொருளாலும் ஆன அக்குழாயின் மின்கலங்கள் பலவீனமானவை; விளக்கு நின்றெரியாமல் விட்டுவிட்டே மின்னியது. காகிதக் குழாய் உலோகக் குழாயாக மாறி, மூடியும் தலையும் மரையால் பூட்டப்பட்ட பின்னர், உலோகத்துக்கே உரிய வியாதிகள் இவ்விளக்கையும் பற்றின.

மரை என்பது உருளையின்மேல் சுற்றிய சரிவுப் பாதையே அன்றி வேறில்லை. அச்சரிவு தரும் வழுக்கலைக் காட்டிலும் உலோகத்தோடு உலோகம் உரசும் உராய்வு மிகுதியாயிருப்பதால்தான் முடுக்கிய மூடி தானாகக் கழன்று வருவதில்லை. பிடித்து நிறுத்தும் அதே உராய்வு நாளடைவில் சிறைக்காவலனாகிவிடுகிறது. பழைய கார்பன் - துத்தநாக மின்கலத்தில் துத்தநாக உறையே சக்தியைத் தந்து கரைகிறது. கலம் தேய்ந்தபின் உறை பொத்து, உள்ளிருக்கும் நவச்சாரக் கலவை கசிந்து, பித்தளை மரையில் பச்சைக் களிம்பாகவும் அலுமினியத்தில் வெண்பொடியாகவும் படிகிறது. 1950-களின் இறுதியில் லூயிஸ் உர்ரி உருவாக்கிய அல்கலைன் கலம் நெடுநாள் உழைப்பது. ஆனால் அதிலிருந்து கசியும் பொட்டாசியக் காரம் அலுமினியத்தை அரிப்பதில் முன்னதற்குச் சளைத்ததன்று. துரு முதலிய இப்படிவுகள், தாம் தின்ற உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரையின் நுண்ணிய இடுக்கில் ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடுகின்றன.

மரையின் சரித்திரத்திலே 1953 ஒரு விசேஷமான ஆண்டு. அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் டிரினிட்டி கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள், காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருந்து, உலோகங்களுக்கிடையே காற்றற்ற இடுக்கில் அகப்பட்டதும் கெட்டியாகிவிடும் பசையை உருவாக்கினார். பின்னாளில் லாக்டைட் என்று உலகறிந்தது அதுதான். அதே ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரு சிறு ரசாயன நிறுவனம், நாற்பதாவது முயற்சியில், உலோகத்தின்மேல் படிந்த ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கும் எண்ணெய்க் கலவையைக் கண்டது. அட்லஸ் ஏவுகணையின் மேற்புறத்தைக் காக்கப் பிறந்த அந்த டபிள்யூ.டி.-40 பிற்காலத்தில் இறுகிய மரைகளை இளக்கும் வீட்டுத் தைலமாயிற்று. கழலாமல் பூட்டுவதற்கொரு மருந்தும் பூட்டியதை இளக்குவதற்கொரு மருந்தும் ஒரே ஆண்டில் தோன்றியமை, இறுக்குவதும் இளக்குவதும் மனிதனுக்குச் சமமான தேவைகள் என்பதையே காட்டுகிறது.

குரோஷியாவில் வளர்ந்து அமெரிக்காவில் லேத் தொழிலாளியாக உழைத்து முன்னேறிய ஆண்டனி மாக்லிகா, 1979-ல் கடைந்தெடுத்த அலுமினியத்தாலான மாக்லைட்டை வெளியிட்டபோது, டார்ச் விளக்கு நுட்பமான யந்திர வேலையின் அந்தஸ்தை அடைந்தது. பழைய பல்பை எடுத்து எல்.இ.டி. பொருத்தவும், வில்லையையும் மின்சுற்றையும் மாற்றவும் விரும்பி இத்தகைய விளக்குகளைப் பிரிக்கும் பொழுதுபோக்குக் கலைஞர்கள் பின்னர்ப் பல நாடுகளில் தோன்றினர். அவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் தடை, தொழிற்சாலையிலேயே பசையிட்டு முடுக்கிய தலைப்பகுதி. அதன் பரிகாரத்தில் பலாத்காரம் கடைசி உபாயமே. முதலில் மின்கலங்களை வெளியே எடுத்துவிட வேண்டும். கலம் உள்ளிருக்கச் சூடேற்றுவது உயிருக்கே ஆபத்து. பின்னர் வெளிப்பகுதியை மட்டும் மெல்லச் சூடாக்கினால், எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும் அலுமினியம் தன் பிடியைத் தளர்த்தும். பசையும் உஷ்ணத்தால் வலுவிழக்கும். வலிமை மிக்க வகைப் பசைக்குச் சுமார் 250 பாகை செல்சியஸ் உஷ்ணம் வேண்டியிருப்பதால், கண்ணாடியையும் ரப்பர் வளையங்களையும் முன்னதாக அகற்றிவிடுதல் அவசியம். வழுக்கும் குழாயைப் பிடிக்கப் பழைய சைக்கிள் டியூபின் துண்டு போதும். இரும்புப் பற்களுடைய திருகுச்சாவி குழாயில் தழும்பை விட்டுவிடும். கசிவினால் இறுகியிருந்தால், அல்கலைன் காரத்துக்கு வினிகரும், பழைய கலத்தின் நவச்சாரக் கசிவுக்குச் சமையல் சோடாக் கரைசலும் தடவி, ஊற விட்டு, எண்ணெய் இட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். ஒரேயடியாகத் திருகாமல் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால், படிவு பொடிந்து வழிவிடும்.

மாட்ஸ்லேயும் விட்வொர்த்தும் செல்லர்ஸும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அமைத்துத் தந்த ஒழுங்கு, பொருள்களைச் சேர்ப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. சேர்த்ததைச் சேதமின்றிப் பிரித்துப் பழுதுபார்த்து மீண்டும் சேர்ப்பதற்காக ஏற்பட்டது. ஆணி அடித்தவன் பொருளை மூடிவிடுகிறான். மரை போட்டவனோ பின்னால் வருபவனுக்குத் திறக்கும் வழியையும் விட்டுச் செல்கிறான். அந்த வழியை அடைத்துவிடாமல் காப்பது நம் கடமை. ஆகையால், டார்ச் விளக்கைப் பல நாள் உபயோகிக்காமல் வைக்க நேர்ந்தால், மின்கலங்களை எடுத்துவிட்டு, மரையைத் துணியால் துடைத்து, சிலிகோன் கிரீஸ் சிறிது தடவி மூடிவையுங்கள்.